பட்டுத்துணியில் வண்ணம் தீட்டிப் பார்த்தோம்



கண்டியில் இருப்பவர்களுக்கு பத்திக் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேராதனைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதே பத்திக் கடைகளின் முன்னால் சுற்றுலா வாகனங்கள் நிற்பதைக் காண்கிறோம். எனவே எங்கள் பெண்கள் குழு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சுயதொழிற் பயிற்சி ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, நான் அதிகம் யோசிக்காமல் பத்திக் பயிற்சிக்கு ஒழுங்கு செய்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மெழுகு உருக்கினோம். மண்ணெண்ணெய் அடுப்பு, அதன்மேல் மெழுகுச் சட்டி, அறை நிறையப் புகை மணம். கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் எழுந்து, “அந்த அடுப்பை நிப்பாட்டுங்கோ பிள்ளை, இந்த மணம் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் விறாந்தையில் உட்கார்ந்துகொண்டார். கண்டிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தாய் தகப்பனோடு வன்னிக்குப் போய்க் குடியேறி, 2009க்குப் பிறகு கணவனில்லாமல் இங்கே திரும்பி வந்தவர் அவர். நான் பேராதனையில் சமூகவியல் படித்து, வினாக்கொத்து தயாரிப்பது எப்படி என்று மூன்று வருடம் எழுதியவள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

பிழை என்னுடையது. நெருப்போடும் புகையோடும் செய்கிற வேலையை, என்னென்ன பார்த்து வந்தவர்கள் என்று தெரிந்தும் முன்கூட்டிக் கேட்காமல் அவர்கள் முன்னால் வைத்திருக்கக் கூடாது. அதோடு, ஒற்றை அறை வீட்டில் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொதிக்கும் மெழுகைக் கையாள்வதும் ஆபத்துத்தானே. அடுப்பு இல்லாமல், ஒரு மேசையில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று தேடத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்ததுதான் பட்டுத்துணியில் நேரடியாக வண்ணம் தீட்டும் முறை. குழுவுக்குக் கொண்டுபோக முன்னர், இரண்டு மாதம் என் வீட்டுக் குசினி மேசையில் நானே செய்து பார்த்தேன்.

பத்திக்கில் சாயம் பரவாமல் தடுப்பது மெழுகு. இதில் அந்த வேலையை ஒரு மெல்லிய பசைக்கோடு செய்கிறது. இதற்கு ‘குட்டா’ என்று பெயர். மலாயாக் காடுகளில் வளரும் குட்டா பேர்ச்சா மரத்தின் பாலிலிருந்து வந்த பெயர் அது. ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதே மரத்தின் பாலைக் கொண்டுதான். இப்போது இரண்டு வகை கிடைக்கிறது. இறப்பர் சேர்ந்த வகையை நீக்க வேறு கரைப்பான் வேண்டும். அது மூக்கைத் துளைக்கும், வீட்டுக்கு உகந்ததல்ல. மற்றையது தண்ணீரில் கழுவினால் போய்விடும். தொடங்குபவர்கள் இந்த இரண்டாவதையே வாங்குங்கள்.

முதலில் துணி. இதில்தான் நான் ஏமாந்தேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் வெள்ளைத் துணி வாங்கி வந்து, ஒரு பின்னேரம் முழுவதும் தாமரை வரைந்தேன். வண்ணம் துணிக்குள் இறங்கவே இல்லை. மேலே நின்று, கழுவியதும் தண்ணீரோடு போயிற்று. பிறகு ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பார்த்தேன். உருகிக் கறுப்பு மணியாக இறுகிக்கொண்டது. அது பொலியெஸ்டர். அசல் பட்டு நூல் எரியும்போது தலைமயிர் கருகும் மணம் வரும், சாம்பலை விரலால் நசித்தால் பொடியாகும். கடையிலேயே ஒரு நூல் கேட்டு இதைப் பார்த்துவிடலாம். கூறைப் பட்டுப் போன்ற கனமான நெசவு இதற்கு வேண்டாம். ‘ஹபோட்டாய்’ எனப்படும் மெல்லிய வெள்ளைப் பட்டு போதும். பட்டின் பாரத்தை ‘மொம்மி’ என்ற அளவில் சொல்வார்கள். 5 அல்லது 8 மொம்மித் துணி பழகுவதற்கு நல்லது. மென்மையான சவர்க்காரத்தில் ஒருமுறை அலசி, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும் துணியில் இருக்கும் பசை போனால்தான் வண்ணம் சீராக ஓடும்.

அடுத்து சட்டம். பழைய படச்சட்டம் ஒன்று போதும். துணி மேசையில் படாமல், தட்டினால் மேளத்தோல் போல அதிரும்படி இழுத்துக் குத்த வேண்டும். தளர்ந்திருந்தால் வண்ணமெல்லாம் நடுப்பள்ளத்துக்குப் போய்ச் சேரும். துருப்பிடித்த டிரோயிங் பின்னைக் குத்தாதீர்கள். என்னுடைய முதலாவது சால்வையின் நாலு பக்கமும் மண்ணிறப் பொட்டுகள் இருப்பது அதனால்தான்.

பென்சிலால் மெதுவாக வரைந்துகொண்டு, அதன்மேல் பசைக்கோட்டை இழுங்கள். வெளிநாட்டில் இதற்கென்று நுனிக்குழாய் வைத்த போத்தல் விற்கிறார்கள். நாங்கள் மருதோண்டிக் கோன் மாதிரிப் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிச் செய்தோம். மருதோண்டி போட்டும் கோலம் போட்டும் பழகிய கைகளுக்கு இது ஒரு நாள் வேலை. கோடு துணியின் மறுபக்கம் வரை ஊறியிருக்க வேண்டும். சட்டத்தைத் தூக்கி யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், எங்காவது இடைவெளி இருந்தால் தெரிந்துவிடும். ஊசி முனையளவு இடைவெளி போதும், அதனூடாக வண்ணம் பக்கத்துப் பூவுக்குப் போய்விடும். கோடு நன்றாகக் காயவும் வேண்டும். மழைக்காலத்தில் கண்டியில் எதுதான் காய்கிறது? ஐப்பசி மழையில் ஒரு கோடு காய்வதற்கு நான் அடுத்த நாள் காலை வரை காத்திருந்திருக்கிறேன்.

கோடிழுத்து நிரப்பும் இந்த முறை கண்டிக்குப் புதியதென்று நினைக்காதீர்கள். அமுனுகமவுக்கு அருகே தெகல்தொருவ குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ளன. சிவப்புப் பின்னணி, தெளிவான கோடு, அதற்குள் நிழலோ மேடுபள்ளமோ இல்லாத தட்டையான நிறம், இடைவெளிகளில் பூக்கள். பட்டுக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. நாங்கள் பூக்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வண்ணம் தீட்டுவது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் தூரிகை அதிகம் வேலை செய்வதில்லை. பூவின் நடுவில் நுனியைத் தொட்டால், நிறம் தானாகவே கோடு வரை ஓடி நின்றுவிடும். கோட்டின் மேலேயே தூரிகையை வைத்தால் தாண்டிவிடும். பெரிய பரப்புக்குத் தேவையான நிறத்தை முதலே கலந்து வையுங்கள். பாதியில் முடிந்து, திரும்பக் கலந்து வருவதற்குள் முதற்பாதி காய்ந்துவிட்டால், இரண்டும் சேருமிடத்தில் வளையம் போல ஒரு கறை விழும். அதை அழிக்க வழியில்லை.

எங்கள் குழுவுக்கு மிகவும் பிடித்தது உப்பு. ஈர வண்ணத்தின் மினுக்கம் அடங்கிவரும் நேரத்தில் உப்புக்கல்லைத் தூவிவிட்டால், ஒவ்வொரு கல்லும் ஈரத்தையும் நிறத்தையும் தன் பக்கம் இழுக்கும். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டுப் பார்த்தால், வானத்தில் நட்சத்திரம் இறைத்த மாதிரி இருக்கும். எனக்கு இது முதல் மூன்று தடவையும் சரிவரவில்லை. காரணம் கண்டியின் ஈரக்காற்று: போத்தலில் இருந்த உப்பு ஏற்கனவே தண்ணீர் குடித்திருந்தது. தாச்சியில் வறுத்து ஆறவைத்துத் தூவிய பிறகுதான் வேலை செய்தது.

வறுத்த உப்பைக் குழுவுக்குக் கொண்டுபோன அன்று, விறாந்தையில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “இது எந்த உப்பு? ஆனையிறவு உப்பெண்டால் நான் சொல்லுவன்” என்றார். கடையில் கேட்காமல் வாங்கியிருந்தேன். யுத்த காலத்தில் பல வருடம் மூடிக்கிடந்த ஆனையிறவு உப்பளம் திரும்பவும் இயங்கத் தொடங்கி, 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டதைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. அன்று கதைக்க நிறைய இருந்தது. சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கதைத்தபடியே நீலத்தின் மேல் உப்பைத் தூவினார்.

நிறத்தை நிலைக்கச் செய்ய இரண்டு வழி. ஒருவகைச் சாயத்துக்கு நீராவியில் அவிக்க வேண்டும். அதற்கு எடுத்த பாத்திரத்தை மீண்டும் சமையலுக்குப் பாவிக்கவே கூடாது. மற்றது இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் நிலைப்பது. வாங்கும்போது இந்த வகைதானா என்று போத்தலில் பார்த்து வாங்குங்கள். நன்கு காயவிட்டு, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, பின்புறமாக, போத்தலில் சொன்ன நேரம் வரை அழுத்த வேண்டும். பிறகு குளிர்ந்த நீரில் அலசும்போது பசைக்கோடு கரைந்து, அந்த இடம் வெள்ளைக்கோடாக நிற்கும். கடைசித் தண்ணீரில் ஒரு கரண்டி விநாகிரி சேர்த்தால் பட்டின் மினுக்கம் திரும்பும்.

இனிக் காசு விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதில் பயனில்லை. பட்டும் வண்ணமும் இறக்குமதிப் பொருட்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது நமக்கு மறக்காது. பழகும்போது நான் செய்த முதல் நான்கு துண்டுகளில் மூன்று விற்கத் தகுதியற்றவை. ஒரு சால்வைக்கு, காயும் நேரத்தை விட்டால், ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் போகிறது. இந்த நிலையில் எங்கள் குழுவுக்குக் கடன் தருவதாக ஒருவர் வந்தார். கையெழுத்து வைத்தால் அடுத்த கிழமையே பணம் என்றார். வாரத் தவணைக்கு வீடு தேடி வருபவர்களிடமிருந்து ஒளிந்த பெண்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்யும் அளவுக்கு அந்தச் சுமை இருந்தது. வண்ணப் போத்தல் வாங்கக் கடன் எடுக்க வேண்டாமென்று நான் நேரே சொன்னேன். இரண்டு பேருக்கு என்மேல் கோபம். அதற்குப் பதிலாக ஒரு சட்டம், மூன்று நிறம், ஒரு சுருள் துணி என்று பொதுவில் வாங்கி, முறை வைத்துப் பாவித்தோம். மூன்று நிறம் இருந்தால் மற்றவற்றைக் கலந்துகொள்ளலாம்.

கையால் செய்த துணிக்கு மதிப்பு வர வேறொரு வழியும் உண்டு. அதை மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் எனா டி சில்வா செய்து காட்டினார். 1960களில் கொழும்பில் மகனோடு பத்திக் செய்யத் தொடங்கி, பெந்தோட்டை பீச் ஹோட்டலின் புகழ்பெற்ற பத்திக் உட்கூரையைச் செய்தவர் அவர். 1980களில் தன் பூர்வீக ஊருக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களைச் சேர்த்து பத்திக்கும் தையல் வேலையும் செய்வித்தார். 2015இல் காலமானார். ஹோட்டலுக்குப் போகும் துணியையும் கிராமத்துப் பெண்களே செய்யலாம், ஆனால் கோடும் நிறமும் தையலும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவரது வழி. அலுவிகாரை இருப்பது கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை போகும் ஏ9 வீதியில்தான். அந்த வீதி எங்களில் பலருக்கு வேறு காரணங்களால் மனப்பாடம்.

அக்காவின் முதல் சால்வையில் ஓரிடத்தில் கோடு விட்டுப்போயிருந்தது. நீலம் கசிந்து மஞ்சள் பூ ஒன்று பச்சையாகிவிட்டது. வேறு யாரோ அதை இலையாக மாற்றலாமே என்றார்கள். அவர் மாற்றவில்லை, விற்கவுமில்லை. மகளின் வீட்டில் பார்த்தேன், பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே கட்டியிருக்கிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் விற்றன. வாங்க வந்தவர் விலை கூடவென்று சொன்னபோது, நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். அக்கா என்னை நிறுத்தி, தன் சீ.ஆர். கொப்பியைத் திறந்து வைத்தார். துணி, வண்ணம், கரண்ட், பஸ் காசு, அதன் கீழே ஐந்து மணித்தியாலம் என்று தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்.

“இதில எதைக் குறைக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றார்.

வந்தவர் சிறிது நேரம் கொப்பியைப் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்தார்.