சென்னைக்கு ஒரு நாள் பயணம்: எக்ஸெல் போட்டுத் தரும் திட்டம்

விடுமுறைக்கு உறவினர்கள் வந்துவிட்டால் வீடு கலகலப்பாகிவிடும். கணியம்பாடி போன்ற ஊரில் முதல் இரண்டு நாட்களுக்குக் கவலையில்லை. அமிர்தி, வேலூர்க் கோட்டை, ஸ்ரீபுரம் தங்கக் கோவில் என்று சுற்றி வந்துவிடலாம். மூன்றாவது நாள், "சென்னைக்குப் போய் வரலாமா?" என்ற கேள்வி வரும். குழந்தைகளுக்குக் கடல், பெண்களுக்குத் தி.நகர், தாத்தாவிற்கு அருங்காட்சியகம் என ஆளுக்கு ஒரு பட்டியல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் கடைசியில் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. பெரியவர்கள் களைத்துப் போவார்கள். திரும்பும் ரயிலையும் விட்டுவிட நேரலாம்.

இதனைத் தவிர்க்க உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பினைப் பயன்படுத்தலாம். செயல்முறை இரண்டிலும் ஒன்றுதான்.

கடைசியிலிருந்து தொடங்குங்கள்

பயணத் திட்டத்தைப் பெரும்பாலானவர்கள் காலையிலிருந்து போடுகிறார்கள். ஒரு நாள் பயணத்தில் மாற்ற முடியாத நேரம் திரும்பும் ரயிலின் நேரம்தான். எனவே அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

கணியம்பாடியிலிருந்து காட்பாடி ஜங்ஷன் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து காலையில் சென்னைக்கும், மாலையில் திரும்பியும் ஓடும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஒரு நாள் பயணத்திற்கு ஏற்றது. சரியான நேரத்தை ரயில்வே தளத்தில் பார்த்துக் கொள்ளவும். இங்கு கணக்கிற்காக, காலை 9 மணிக்குச் சென்ட்ரல் வந்து மாலை 6 மணிக்கு அங்கிருந்து திரும்புவதாக வைத்துக் கொள்வோம்.

புதிய ஒர்க் ஷீட்டைத் திறக்கவும். முதல் வரிசை தலைப்புகளுக்கு. ஏ நெட்டு வரிசையில் செய்யப் போவது, பி வரிசையில் அதற்கான நிமிடங்கள், சி வரிசையில் தொடங்கும் நேரம். இரண்டாவது வரியிலிருந்து இப்படி நிரப்பவும்:

2. சென்ட்ரலில் முகம் கழுவி, சிற்றுண்டி – 45
3. மெட்ரோவில் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோ – 40
4. அருங்காட்சியகம் – 120
5. மதிய உணவு, ஓய்வு – 90
6. மெரினா செல்ல – 45
7. மெரினா கடற்கரை – 75
8. சென்ட்ரல் திரும்ப – 45
9. பிளாட்பாரத்தில் காத்திருக்க – 30
10. ரயில் புறப்பாடு

சி10 செல்லில் 18:00 என டைப் செய்திடவும். அடுத்து சி9 செல்லில், சி10 – பி9/1440 என்ற பார்முலாவை முன்னால் சமக்குறி இட்டு அமைக்கவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் தர வேண்டும். எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்ற எண்ணாகக் கொள்கிறது. ஒரு நாளில் 1440 நிமிடங்கள் உள்ளன. அதனால்தான் நிமிடங்களை 1440 ஆல் வகுக்கிறோம். இப்போது சி9 செல்லின் மூலையில் உள்ள சிறிய கட்டத்தைப் பிடித்து, மேல் நோக்கி சி2 வரை இழுக்கவும். நேரத்திற்குப் பதிலாகத் தசம எண்கள் கிடைத்தால் கண்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் டைம் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும்.

சி2 செல்லில் 9:50 எனக் கிடைக்கும். நீங்கள் சென்னை வந்து சேர்வது 9 மணிக்கு. எனவே 50 நிமிடங்கள் கையிருப்பில் உள்ளன. ரயில் தாமதமானால் கை கொடுப்பது இந்த நேரம்தான். இதனைச் செலவழித்துவிட வேண்டாம்.

இப்போது தி.நகரையும் சேர்த்துப் பாருங்கள். 7 ஆவது வரிசைக்கு மேல் புதிய வரிசை ஒன்றை இன்சர்ட் செய்து, கடைகளுக்கும் கூடுதல் பயணத்திற்குமாக 160 நிமிடங்கள் தரவும். பார்முலாவை மீண்டும் மேலே இழுத்தால் சி2 செல் 7:10 எனக் காட்டும். அந்நேரம் நீங்கள் சென்னைக்கே வந்திருக்க மாட்டீர்கள்! எதையாவது விட்டால்தான் தி.நகர் செல்ல முடியும். வீட்டில் இதைச் சொல்லி வாதாட வேண்டியதில்லை. திரையைக் காட்டினால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் முதலில் போட்ட திட்டத்தில் மெரினா செல்லும் நேரம் பிற்பகல் 3:30. கோடையில் அந்த வெயிலில் பெரியவர்களை மணலில் நடக்கவிட முடியாது. இரவு ரயிலில் திரும்பினால் மாலைக் கடற்கரை கிடைக்கும். ஆனால் காட்பாடியிலிருந்து ஊர் வந்து சேர நள்ளிரவு ஆகலாம். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்திட வேண்டும்.

விடுமுறை நாள் தெரியுமா?

1851 இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவும், கிண்டி சிறுவர் பூங்காவும் செவ்வாய்க்கிழமை திறக்கப்படுவதில்லை. பயணத் தேதியை ஒரு செல்லில் தந்து, வீக்டே என்ற பங்ஷனை அதற்குப் பயன்படுத்தவும். ஞாயிறு 1 எனத் தொடங்கி எண் கிடைக்கும். 3 என்றால் செவ்வாய், 6 என்றால் வெள்ளி.

டிக்கெட் எடுக்கும் முன்

இணையத்தில் பழைய தகவல்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. எனவே எந்தப் பக்கத்தைப் படித்தாலும் அதன் தேதியைப் பார்க்கவும்.

* முன்பதிவு 120 நாட்களுக்கு முன் என்று பல தளங்களில் இருக்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்கள்.
* மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சலுகையை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.
* 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கால் டிக்கெட் எடுக்க, ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நீங்கள் உங்கள் கணக்கில் எடுத்துத் தரலாம். பயணத்தின்போது அவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டலாம்.
* இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் அனைவரும் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால், சார்ட் தயாரானவுடன் அது தானாக ரத்தாகிவிடும். அதனை வைத்து ரயிலில் ஏறக் கூடாது.

நகருக்குள் செல்ல, 2025 செப்டம்பரில் அறிமுகமான சென்னை ஒன் என்ற மொபைல் செயலி உதவும். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் கியூ.ஆர். டிக்கெட் இதில் கிடைக்கிறது. வீட்டில் வை-பை இருக்கும்போதே இதனை இன்ஸ்டால் செய்து, ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

கூகுள் மேப்ஸில் சென்னையின் வரைபடத்தை முன்கூட்டியே டவுன்லோட் செய்யலாம். ஆனால் இன்டர்நெட் இல்லாதபோது வாகனம் ஓட்டிச் செல்லும் வழி மட்டுமே கிடைக்கும்; பஸ், மெட்ரோ விவரங்கள் கிடைக்காது.

ஒரு தாள் அவசியம்

திட்டம் முடிந்தவுடன் பி.டி.எப். ஆக மாற்றி அனைவரின் வாட்ஸ்அப்பிற்கும் அனுப்பவும். அத்துடன் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, ஆளுக்கு ஒன்று தரவும். பி.என்.ஆர். எண், இரண்டு பேரின் மொபைல் எண்கள், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் சந்திக்க வேண்டிய இடம் ஆகிய மூன்றும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மொபைலில் சார்ஜ் தீர்ந்துபோன நேரத்தில் பாட்டியின் கைப்பையில் உள்ள அந்தத் தாள்தான் உதவும்.

அடுத்த முறை வேறு உறவினர்கள் வரும்போது இதே பைலைத் திறந்து, இடங்களையும் நிமிடங்களையும் மட்டும் மாற்றிக் கொள்ளுங்கள். சென்ற முறை எந்த இடத்தில் உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதை டி வரிசையில் குறித்து வைத்திருந்தால் கணக்கு இன்னும் சரியாக அமையும்.