எச்சரிக்கும் கணினியை யார் சோதிப்பது?

மருத்துவர் மருந்துகளைக் கணினியில் பதியும்போது சில வேளைகளில் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றும். அதற்குப் பின்னால் இருப்பவை, 'இன்ன நிலை இருந்தால் இன்னது செய்க' என்று வல்லுநர்கள் வகுத்த விதிகள். அவ்விதிகளிலேயே பிழை இருந்தால் என்ன ஆகும்? நியாயமான கேள்விதான்.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், நோய்த்தொற்றுக்கு மருந்து பரிந்துரைக்கும் 'மைசின்' என்னும் நிரல் உருவானது. மூளையுறை அழற்சி நோயாளிகள் பத்துப் பேருக்கு அது கூறிய மருந்துகளையும் மருத்துவர்கள் கூறியவற்றையும், எது யாருடையது என்று சொல்லாமல் எட்டு வல்லுநர்களிடம் மதிப்பிடக் கொடுத்தனர். 1979இல் வெளியான முடிவில் மைசின் 65 விழுக்காடு பெற்றது. மருத்துவர்களில் எவரும் அதை எட்டவில்லை. எனினும், பத்து நோயாளிகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான விதிகளையும் சோதித்துவிட முடியாது என்பதே எங்கள் கருத்து.

அங்கேயே பின்னர், புற்றுநோய்க்கான கீமோதெரபியில் உதவ 'ஆன்கோசின்' உருவாக்கப்பட்டது. அதன் விதிகளைச் சரிபார்க்கத் தனியாக ஒரு நிரலையே எழுதி, 1982இல் அம்முறையை வெளியிட்டனர். அந்நிரல் நிபந்தனைகளின் சேர்க்கைகளை எல்லாம் அட்டவணையாக இடும். எளிய எடுத்துக்காட்டு ஒன்று: வெள்ளணுக்கள் குறைவு அல்லது இயல்பு, தட்டணுக்கள் குறைவு அல்லது இயல்பு என்று கொண்டால் நான்கு சேர்க்கைகள் கிடைக்கும். ஒரே சேர்க்கைக்கு ஒரு விதி 'அளவைக் குறை' என்றும் மற்றொன்று 'முழு அளவு கொடு' என்றும் சொன்னால், அது முரண். தட்டணுக்கள் மட்டும் குறைந்த நிலைக்கு விதியே இல்லையெனில், அது விடுபாடு. நிபந்தனைகள் பெருகினால் மனிதக் கண்ணுக்குத் தப்பக்கூடிய இவற்றை நிரல் அயராமல் தேடித் தரும்.

ஆனால், முரணில்லாத விதியும் மருத்துவ முறைப்படி தவறாக இருக்கலாம். அதைக் கண்டறிய மருத்துவரே வேண்டும்.

மேலும், விதி எவ்வளவு செம்மையாக இருந்தாலும், பதிவில் இல்லாத செய்தியை அது அறியாது. முன்பு பென்சிலினால் உடல் தடித்தது, கடையில் வாங்கி உண்ணும் வலி மாத்திரை, சித்த மருந்து ஆகியவற்றைப் பதிவின்போதே தெரிவியுங்கள். பெயர் நினைவில்லையெனில் மருந்து அட்டையைக் கொண்டுவாருங்கள். நாங்கள் பார்த்துப் பதிந்துகொள்கிறோம்.