வைரமுதுகு அந்துப்பூச்சி

முட்டைக்கோஸ் பயிரிடும் உழவர்கள் நன்கறிந்ததும், ஏனையோர் கண்ணில் பட்டாலும் கருத்தில் பதியாததுமான ஒரு சிறு ஜீவன் வைரமுதுகு அந்துப்பூச்சி. ஸ்வீடன் தேசத்து இயற்கை சாஸ்திரியான லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டிலேயே இதனை வருணித்து, பூச்சியினங்களின் வரிசையில் இடமளித்தார்.

இறகுகளை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை சுமார் 15 மில்லிமீட்டரே இருக்கும். ஒடுங்கிய முன்னிறகுகள் சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையவை. அவற்றின் பின்னோரத்தை ஒட்டி வெளிர்மஞ்சள் பட்டையொன்று நெளிந்து செல்லும். பறக்கையில் யாதொரு விசேஷமும் தெரிவதில்லை. ஆனால் பூச்சி இலைமேல் அமர்ந்து, இறகுகளைக் கூரைபோலச் சரித்து முதுகின்மேல் மூடிக்கொள்ளும் தருணத்தில், இருபுறத்து நெளிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தி, நடுமுதுகில் வைர வடிவமான கட்டங்கள் வரிசையாய்த் தோன்றுகின்றன. ஆண்பூச்சியில் இவை தெளிவாகவும், பெண்பூச்சியில் சற்று மங்கலாகவும் இருக்கும்.

கடுகுக் குடும்பத்துத் தாவரங்களே இதன் புழுக்களுக்கு ஆகாரம். கோஸ், காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி யாவும் அக்குடும்பத்தவையே. பூச்சிகளை விரட்டுவதற்கென்று இச்செடிகள் தம்முள் சேமித்துள்ள கந்தகச் சேர்மங்களை, இரு முனையும் கூம்பிய இப்பச்சைப் புழு தன் குடலிலுள்ள நொதியொன்றால் செயலற்றதாக்கி விடுகிறது. அதுமட்டுமன்று, அச்செடிகளின் கார நெடியே தாய்ப்பூச்சிக்கு முட்டையிட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆதலால் இதன் வாசஸ்தலத்துக்கு எல்லை வகுக்க விரும்புவோர், அச்செடிகள் எங்கெங்கே வளர்கின்றன என்று பார்த்தாலே போதும். அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இது காணப்படுகிறது. தன் சொந்த பலத்தால் நெடுந்தூரம் பறக்க இயலாத இப்பூச்சி காற்றின் துணைகொண்டு கடல்களையும் கடக்கிறது. 1958-ஆம் ஆண்டுக் கோடையில் திரள் திரளாகப் பிரிட்டனின் கிழக்குக் கரையில் வந்திறங்கிற்று. வட துருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளையும் எட்டியிருக்கிறது.

காற்று சுமந்து சென்றாலும், இறங்கிய இடத்தில் உணவு பரப்பி வைத்தவன் மனிதனே. அவன் விஷம் தெளித்தபோதும் இது அடங்கவில்லை. 1953-லேயே ஜாவாவில் டி.டி.டி.க்கு மசியாத சந்ததி தோன்றிவிட்டது. நீலகிரியின் கோஸ் தோட்டங்களிலோ, இப்புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் டயடெக்மா என்னும் சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டது நற்பயனளித்தது. விஷத்தை மட்டுமே நம்பாமல், இதன் உணவையும் வாழ்க்கையையும் இயற்கைப் பகைவர்களையும் ஆராய்ந்தறிந்து செயல்படுவதே உழவருக்கு நிலையான நன்மை தரும்.