காற்றோடு போகும் புள்ளிகள்

சில ரூபாய் பெறும் ஒரு ரப்பர் வளையம், சில லட்சம் ரூபாய்த் துப்பாக்கியை முடக்கிவிடுகிறது. பழி என்னவோ சுடுபவரின் கைக்குத்தான்.

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இருக்கும் துப்பாக்கி சுடும் தளம், 2015-ல் கேரளம் நடத்திய 35-வது தேசிய விளையாட்டுப் போட்டிக்காக உருவானது. 2022-ல் தேசிய சாம்பியன்ஷிப்பின் ரைஃபிள் போட்டிகளும் இங்கேதான் நடந்தன. இத்தகைய தளங்களில் 10 மீட்டர் பிரிவுக்குள் நுழைந்தால் போர்க்கள ஓசை எதுவும் கேட்காது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வெடிமருந்து கிடையாது; ஈயக் குண்டைத் தள்ளுவது வெறும் காற்று.

அந்தக் காற்று கசிந்தால்?

நேற்றுவரை பத்துக்குப் பத்தாகச் சுட்ட மாணவிக்கு இன்று குண்டுகள் கீழே கீழே போய் விழுகின்றன. மூச்சைச் சரிபார்க்கிறார்; நிற்கும் நிலையை மாற்றுகிறார்; குறிகாட்டித் திருகைத் திருகுகிறார். பயிற்சியாளர், மனசு இங்கே இல்லை என்கிறார். துப்பாக்கிக்கு மூச்சு வாங்குவது யாருக்கும் தோன்றுவதில்லை. எல்லாத் தளங்களிலும் அன்றாடம் நடக்கும் கதை இது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். போட்டி ஏர் ரைஃபிளின் 4.5 மி.மீ. குண்டு அரை கிராமுக்குச் சற்று அதிகம். வேகம் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர். 10 மீட்டர் தாண்டுவதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இழுக்கும். குறிகாட்டி இதற்கேற்பத்தான் அமைக்கப்பட்டிருக்கும். காற்று கசிந்து வேகம் 150 ஆகக் குறைந்தால் இறக்கம் சுமார் 22 மி.மீ. வித்தியாசம் 5 மி.மீ. கூட இல்லை. ஆனால் இலக்கு அட்டையில் பத்தாம் புள்ளியின் குறுக்களவே அரை மி.மீ.தான். 10.9 ஆக வேண்டிய குண்டு 9-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2025 ஆசிய சாம்பியன்ஷிப் இறுதிச்சுற்றில் 24 குண்டுகளில் 253.6 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். ஒரு குண்டுக்கு சராசரி 10.5-க்கும் மேல். அந்தப் போட்டியில் 9-களுக்கு இடம் ஏது?

கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சுடாமல் சும்மா இருக்கும்போதே காற்று இறங்குகிறதா, சுடும்போது மட்டும் வீணாகிறதா?

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை நிரப்பி, முள் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு இரவு முழுக்க வைத்துவிடலாம். இதில் ஒரு பொறி உண்டு. அடைக்கும்போது சிலிண்டர் சூடாகும். 45 டிகிரியில் 200 காட்டிய முள், 28 டிகிரிக்கு ஆறியதும் ஒரு துளிகூடக் கசியாமலே 190-க்கு இறங்கிவிடும். இதைக் கசிவென்று நம்பித் துப்பாக்கியைக் கழற்றிப் போட்டவர்கள் ஏராளம். ஆறிய பிறகு எடுத்த அளவுதான் கணக்கு.

ஆறிய பிறகும் முள் இறங்கினால், சோப்பு நீரைத் தூரிகையில் தொட்டு சிலிண்டர் மரையிலும் அழுத்தமானியைச் சுற்றியும் தடவலாம். குமிழி வந்த இடம்தான் குற்றவாளி. பெரும்பாலும் அங்கே உள்ள ஓ-ரிங் நசுங்கியிருக்கும். டிரிகர் பக்கம் நீர் போகக்கூடாது. முதன்மை வால்வு கசிந்தால் காற்று குழல் வழியே போகும். குண்டில்லை, இழுத்துத் தயார்நிலையிலும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, குழல் வாயில் ஒரு பலூனை மாட்டி வைத்தால் மெதுவாக உப்பும். கடற்கரையில் துப்பாக்கிக்குப் பலியாகும் பலூன், இங்கே அதற்கு வைத்தியம் பார்க்கிறது.

முள் அசையவே இல்லை, ஆனால் வேகம் குறைவு என்றால் வேறு கதை. குண்டு போடும் வாயிலில் உள்ள சிறு வளையம் தேய்ந்திருக்கலாம். மூடிய இடுக்கின் மேல் மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுட்டால் அது துள்ளும். ஓய்வுக்குப் பின் முதல் குண்டு மேலே, அடுத்தவை கீழே என்றால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். வேகத்தை அளக்கும் கருவி ஒன்று கிளப்பில் இருந்தால், பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சிலிண்டர் இல்லாத, குழலை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் உள்நாட்டுத் துப்பாக்கிகளில் தேடவேண்டிய இடம் குறைவு: மடிப்பில் உள்ள வாஷர், உள்ளே பிஸ்டனின் தலை, தளர்ந்த ஸ்பிரிங். குண்டு போடாமல் விளையாட்டுக்குச் சுட்டுப் பார்ப்பதுதான் பிஸ்டனுக்கு எமன். எதிரே தடுக்கும் காற்றுமெத்தை இல்லாமல் அது சுவரில் மோதுகிறது. வெளிநாடுகளில் ஆட்டமாக ஆடப்படும் பிளாஸ்டிக் குண்டு ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளிலும் இதே நியாயம்தான். பிஸ்டன் தலை, சிலிண்டர் மூடி, குண்டைத் தாங்கும் ரப்பர் என்று பெயர்கள் மாறும்.

வளையம் மாற்றுவது எளிது. ஆனால் காற்றை முழுதாக வெளியேற்றாமல் எந்தத் திருகிலும் கை வைக்கக்கூடாது. சமையலறை எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கலாம்; சிலிகான் கிரீஸ் துளி போதும். ரெகுலேட்டரையும் சிலிண்டரையும் வீட்டில் பிரிப்பது வீரமல்ல. திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊரில் இன்னொரு தொல்லை, ஈரம். உலர்த்தாத காற்றை அடைத்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் சேர்ந்து வால்வை அரிக்கும்.

போட்டி நடுவே கோளாறு வந்தால் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கர் அனுபவித்தார். அவருடைய ஏர் பிஸ்டலில் பழுதானது காற்று அல்ல, இழுநெம்பு. ஆனாலும் 75 நிமிடப் போட்டியில் சுமார் 20 நிமிடம் பறிபோனது. 575 புள்ளி எடுத்தும் 2 புள்ளியில் இறுதிச்சுற்று நழுவியது. பாரிஸில் வெண்கலம் வாங்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. களத்தில் சோதனையும் செய்ய முடியாது; போட்டி தொடங்கியபின் குண்டில்லாமல் காற்றை மட்டும் விட்டாலும் அது பூஜ்யம்.

இந்தச் சிக்கலில் அதிகம் மாட்டுபவர்கள் சொந்தத் துப்பாக்கி வாங்க முடியாதவர்கள். கிளப்பின் துப்பாக்கி பத்துக் கை மாறும்; வளையம் எப்போது மாற்றப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்து, வாரம் ஒருமுறை அழுத்தத்தையும் வேகத்தையும் எழுதிவைத்தால் செலவு பத்து ரூபாய். பழைய துப்பாக்கி வாங்குவோர் குழலைப் பார்க்கும் முன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்க்கட்டும். பத்து ஆண்டு கடந்திருந்தால் சர்வதேச விதிப்படி அதைக் களத்துக்கே கொண்டுவர முடியாது. புது சிலிண்டரின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.