ஒரு பெல்லட்டோட வேகத்தை எப்படி அளக்கிறது?

ஆர்.எஸ்.புரத்துல இருந்து நம்ம எபிசோட் ஆரம்பிக்குது. போன தடவை கிரிக்கெட் ஸ்பீடு கன் பத்திப் பேசினதும் நிறைய பேர் ஒரே கேள்வியக் கேட்டீங்க. "பந்து கண்ணுக்குத் தெரியுது, அளந்துடலாம். துப்பாக்கிக் குண்டை எப்படி அளக்கிறாங்க?" இன்னைக்கு அதுதாங்க விஷயம்.

முதல்ல, எதுக்கு அளக்கணும்? ஒலிம்பிக்ல இருக்கிற 10 மீட்டர் ஏர் ரைபிளையே எடுத்துக்கலாம். அந்த டார்கெட்டோட நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். பெல்லட் எடை சுமார் 0.53 கிராம், வேகம் வினாடிக்கு 170 மீட்டர் பக்கம். டார்கெட்டுக்குப் போய்ச் சேர 0.06 வினாடி ஆகும். அதுக்குள்ள புவியீர்ப்பு அதை 17 மில்லிமீட்டர் கீழ இழுத்துடும். அதையும் கணக்குல வச்சுத்தான் சைட்டை செட் பண்ணியிருப்பாங்க. ஆனா அடுத்த பெல்லட் 160 மீட்டர் வேகத்துல போனா? 19 மில்லிமீட்டர் இறங்கும். டார்கெட்ல ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியே 2.5 மில்லிமீட்டர்தான். கை ஆடவே இல்லைன்னாலும் கிட்டத்தட்ட ஒரு பாயிண்ட் போச்சு.

ஒரு பாயிண்ட்தானேன்னு நினைக்காதீங்க. பாரிஸ் ஒலிம்பிக்ல இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றுல எடுத்தது 630.7, இடம் 10. ஃபைனலுக்குப் போறது முதல் 8 பேர். தசமப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற எண்ணுக்குக்கூட உயிர் இருக்கிற விளையாட்டு இது.

இன்னொரு காரணம் சட்டம். 2016 ஆயுத விதிகள்படி, ஏர் கன்னோட குழல் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ, பெல்லட்டோட ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேணும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா ஆற்றல் நாலு மடங்கு ஆகும். 0.53 கிராம் பெல்லட் 170 மீட்டர் வேகத்துல போனா 7.7 ஜூல்தான். அதே பெல்லட் 275 மீட்டரைத் தொட்டா 20 ஜூல் எல்லைக்கு வந்துடுச்சு. டப்பால அச்சடிச்ச வேகத்தை அப்படியே நம்ப முடியாது. பல சமயம் அது ரொம்ப லேசான பெல்லட் வச்சு எடுத்த நம்பரா இருக்கும். நாமளே அளந்தாத்தான் தெரியும்.

சரி, இதை முதல்ல நம்பகமா அளந்தது யாரு? பெஞ்சமின் ராபின்ஸ்னு ஒரு ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742-ல வெளியான தன்னோட புத்தகத்துல ஒரு ஊசலை விவரிச்சார். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதுல சுடணும். குண்டு உள்ள புதைஞ்சதும் கட்டை பின்னாடி ஆடும். எவ்வளவு தூரம் ஆடுச்சுன்னு ஒரு ரிப்பன் காட்டிடும். கட்டையோட எடையும் குண்டோட எடையும் தெரிஞ்சா வேகம் வந்துடும். மஸ்கட் குண்டு வினாடிக்கு 1,600 அடிக்கு மேல போறதைக் கண்டுபிடிச்சார். அது ஒலியை விட வேகம்ங்க! காத்து குண்டைப் பெருசா தடுக்காதுன்னு அதுவரைக்கும் பலர் நம்பிட்டிருந்ததை இந்தக் கட்டை உடைச்சுடுச்சு. ஆய்லர் மாதிரி மேதையே அந்தப் புத்தகத்தை 1745-ல ஜெர்மன்ல கொண்டு வந்தார்.

இந்தக் கதை முடியுறது நம்ம தமிழ்நாட்டுலங்க. கிழக்கிந்தியக் கம்பெனியோட கோட்டைகளைச் சீரமைக்க ராபின்ஸ் இங்க வந்தார். 1751 ஜூலை 29-ல, 44 வயசுல, கடலூர் தேவனாம்பட்டினத்துல இருக்கிற செயின்ட் டேவிட் கோட்டைல இறந்துட்டார். இளவேனில் பிறந்ததும் கடலூர்லதான், 1999-ல.

ஊசலுக்கு ரொம்பக் காலத்துக்கு அப்புறம் வந்தது லைட் சென்சார் குரோனோகிராஃப். ரெண்டு சென்சார், நடுவுல தெரிஞ்ச தூரம். பெல்லட்டோட நிழல் ரெண்டையும் கடக்கிற நேரத்தை எண்ணும். விலை கம்மி. ஆனா சென்சாருக்கு மேல துல்லியமா சுடணும், கொஞ்சம் தவறினா கருவியே காலி. மேகம் மறைச்சாலும், டியூப் லைட் மினுமினுத்தாலும் ரீடிங் தப்பும்.

ரேடாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. வடகோவை ஸ்டேஷன்ல நிக்காமப் போற ரயிலோட ஹாரனைக் கவனிச்சிருப்பீங்க. நம்மளைத் தாண்டினதும் சத்தம் சட்டுனு இறங்கும். அதே டாப்ளர் விளைவுதான் இதுவும். வினாடிக்கு 2,400 கோடி தடவை துடிக்கிற அலையை, அதாவது 24 கிகாஹெர்ட்ஸ் அலையை, ரேடார் அனுப்புது. விலகிப் போற பெல்லட்ல பட்டுத் திரும்புற அலையில துடிப்பு கொஞ்சம் குறையும். 170 மீட்டர் வேகத்துக்கு அந்த வித்தியாசம் சுமார் 27,000. மணிக்கு 140 கிலோமீட்டர்ல போடுற பந்துக்கு 6,200 பக்கம். பந்தோட வித்தியாசத்தை ஸ்பீக்கர்ல விட்டா காதுலயே கேக்கலாம். பெல்லட்டோடது காதுக்கு எட்டாது.

இப்ப செட்டப். ரேஞ்ச்ல சுடுறது முழுசா நின்ன அப்புறம், துப்பாக்கி காலியா இருக்கும்போதுதான் இதைத் தொடணும்.

ஒண்ணு, சின்ன ஸ்டாண்ட்ல ரேடாரைக் குழலுக்குப் பக்கத்துல ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி வைங்க. குழல் முனை ரேடாரை விட கொஞ்சம் முன்னாடி இருக்கணும். சரியான தூரம் மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாத்துக்கோங்க.

ரெண்டு, ரேடாரோட மூஞ்சி டார்கெட்டைப் பாக்கணும். 5 டிகிரி கோணம் விலகினா 170 வர்ற இடத்துல 169.4 காட்டும். 10 டிகிரின்னா 167.4.

மூணு, ஏர் கன் மோடைத் தேர்ந்தெடுங்க. சில மாடல் வெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் முழிச்சுக்கும். ஏர் ரைபிள் சத்தம் அதுக்குப் பத்தாது. குழல் பக்கத்துல தனியா ஒரு மைக் வைக்கணும்.

நாலு, பக்கத்து லேன்லயும் ரேடார் ஓடினா ரெண்டு பேரும் வேற வேற சேனலுக்கு மாறிக்கோங்க.

அஞ்சு, ஒரே ஒரு ஷாட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. பத்து சுடுங்க. சராசரியை விட முக்கியம், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இருக்கிற இடைவெளி. அது 2 மீட்டருக்குள்ள நின்னா, 10 மீட்டர் தூரத்துல உயர வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர்தான். போகப் போக வேகம் இறங்கிட்டே வந்தா, சிலிண்டர்ல காத்து குறையுதான்னு பாருங்க. தாறுமாறா ஏறி இறங்குனா, ரெகுலேட்டரையோ பெல்லட்டையோ சந்தேகப்படுங்க.

கடைசியா, நோட்டுல எழுதும்போது வேகத்தோட பெல்லட் எடையையும் எழுதுங்க. எடை இல்லாத வேகத்தை வச்சு ஜூல் கணக்குப் போட முடியாது. சட்டம் கேக்கிறது அந்த ஜூலைத்தான்.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்ங்க!