போக்கர் ஆட்டத்தில் அதிட்டமும் திறனும்

சீட்டாட்டம் பற்றிய பேச்சில் அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று, வெற்றியைத் தருவது அதிட்டமா, திறனா என்பதாகும். சதுரங்கத்திலே காய்கள் அனைத்தும் இருவர் கண்முன்னும் நிற்கின்றன. அங்கு அதிட்டத்துக்கு இடமில்லை எனலாம். நாணயம் சுண்டிப் பணம் வைப்பதிலே திறனுக்கு இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருப்பெற்று உலகெங்கும் பரவிய போக்கர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எனினும் அதில் அதிட்டம் இத்தனை வீதம், திறன் இத்தனை வீதம் என நிலையாக வரையறுக்க முற்படுவது பொருந்தாது. அவ்விகிதம் ஆட்டத்தின் வகையைப் பொறுத்து மாறுவதோடு, எத்தனை தடவை ஆடப்படுகின்றது என்பதைப் பொறுத்தும் மாறும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து அமையக்கூடிய ஐந்து சீட்டுத் தொகுதிகள் 2,598,960 ஆகும். அவற்றுள் 1,302,540 தொகுதிகள், அதாவது பாதிக்குச் சற்று மேற்பட்டவை, சோடியோ தொடரோ ஓரினச் சேர்க்கையோ அற்றவை. ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை தொடரும் அதியுயர் தொகுதிகள் நான்கே. எது அரிதோ அதற்கே உயர்ந்த மதிப்பு. யாருக்கு எச்சீட்டு வருமென்பது முற்றிலும் தற்செயலானது. பந்தயத்தை ஏற்பதா, உயர்த்துவதா, விலகுவதா என்ற தீர்மானத்திலேயே திறன் தொழிற்படுகின்றது. ஏனையோர் விலகிவிடின், எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே பணயத்தைப் பெறுவார். ஆதலின் வலிமையற்ற சீட்டும் வெல்லக்கூடும். எவ்வகையில் ஆராய்ந்து எடுக்கத்தக்க தீர்மானங்கள் மிகுதியோ, அவ்வகையில் திறனுக்கும் இடம் மிகுதி.

இவ்வளவுகோலைக் கொண்டு நான்கு வகைகளை நோக்குவோம். பழைய வகையாகிய ஐந்து சீட்டு மாற்றாட்டத்தில் எல்லாச் சீட்டுகளும் மறைவானவை. பந்தயச் சுற்றுகள் இரண்டே. எதிராளி எத்தனை சீட்டுகளை மாற்றினார், எவ்வாறு பந்தயம் கட்டினார் என்பனவே தடயங்கள். ஏழு சீட்டு ஸ்டட் ஆட்டத்தில் ஒவ்வொருவருடைய ஏழு சீட்டுகளுள் நான்கு திறந்து வைக்கப்படுகின்றன. பந்தயச் சுற்றுகள் ஐந்து. விலகியோருடைய சீட்டுகள் அகற்றப்பட்டுவிடுவதால், அவற்றை நினைவில் இருத்தியவரே தமக்கு வேண்டிய சீட்டு எஞ்சியுள்ளதா எனக் கணிக்க வல்லவர். இங்கு நினைவாற்றல் திறனின் பெரும் பகுதியாகின்றது.

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு மறைசீட்டுகளும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டுகளும், நான்கு பந்தயச் சுற்றுகளும் உள. மறைசீட்டுகள் 1,326 விதமாக அமையலாம். இரண்டு ஏஸ்கள் வருதல் 221 தடவைக்கு ஒரு முறையே. அவை இரண்டு இராசாக்களை எதிர்கொண்டு இறுதிவரை ஆடப்படின், நூற்றுக்கு ஏறத்தாழ 82 தடவை வெல்லும். ஒமாஹாவில் மறைசீட்டுகள் நான்கு. அவற்றுள் சரியாக இரண்டையே பயன்படுத்தல் வேண்டும். நான்கிலிருந்து இரண்டை ஆறு விதமாகத் தெரியலாமாதலால், ஒருவர் சீட்டு மற்றவர் சீட்டைத் தொடக்கத்திலேயே பெரிதும் விஞ்சுதல் அரிது. 60க்கு 40 என்ற அளவிலான வாய்ப்புகள் அங்கு சாதாரணம். இதனால் ஒமாஹா அதிட்டத்தின் ஆட்டம் என்பர் சிலர். ஆயின் தொடக்க வேறுபாடு சிறிதாயிருத்தல் பிந்திய சுற்றுகளின் தீர்மானங்களை இலகுவாக்குவதில்லை. குறுகிய காலத்தில் அங்கு ஏற்றத்தாழ்வு பெரிது என்பதே சரியான கூற்றாகும்.

காலத்தின் பங்கினை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவருடைய சராசரி இலாபம் நூறு ஆட்டங்களுக்கு 5 அலகு எனவும், நியம விலகல் 100 அலகு எனவும் கொள்வோம். ஆட்டங்கள் பெருகப் பெருக இலாபம் அவ்வெண்ணிக்கைக்கு நேர்விகிதமாக வளரும். விலகலோ அதன் வர்க்கமூலத்துக்கு விகிதமாகவே வளரும். நூறு ஆட்டங்களின் முடிவில் இவர் நட்டத்தில் இருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 48 வீதம். நாணயம் சுண்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. 10,000 ஆட்டங்களின் முடிவில் அது 31 வீதமாகவும், 40,000இல் 16 வீதமாகவும், 160,000இல் 2 வீதமளவாகவும் குறையும். மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் ஆடுவோர்க்கு 40,000 ஆட்டம் என்பது 1,300 மணித்தியாலத்துக்கு மேற்பட்டது. விலகல் 150 அலகாயின், அதே 16 வீதத்தை அடைய 90,000 ஆட்டங்கள் வேண்டும். விலகல் மிக்க வகையிலே திறன் இல்லாமற் போவதில்லை. அது வெளிப்படுதற்கு நெடுங்காலம் வேண்டும் என்பதே கருதற்பாலது.

கணனி ஆய்வாளரின் அனுபவமும் இதனையே காட்டும். 2015ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளோடிகோ என்னும் நிரல், பந்தய வரம்பற்ற ஹோல்டெம் ஆட்டத்தில் தேர்ந்த வீரர் நால்வருடன் தனித்தனியே மொத்தம் 80,000 ஆட்டங்கள் ஆடி 732,713 அலகுகள் பின்தங்கியது. அதிட்டத்தின் பங்கைக் குறைக்க, ஒரே சீட்டுகள் இரு மேசைகளில் பக்கம் மாற்றி வழங்கப்பட்டன. அவ்வாறிருந்தும், அவ்வேறுபாடு புள்ளிவிபர நோக்கில் தீர்க்கமானதன்று என ஆய்வாளர் கருதினர். 2017இல் அதே பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் 120,000 ஆட்டங்கள் ஆடி நால்வரை ஐயத்துக்கிடமின்றி வென்றது. வல்லவர்க்கே இத்தனை ஆட்டங்கள் வேண்டுமாயின், சில இரவுகளின் வெற்றி எதனை நிறுவும்?

நீதிமன்றங்களும் இவ்வினாவை எதிர்கொண்டன. 1968இல் இந்திய உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறனைச் சார்ந்தது எனவும், முச்சீட்டாட்டம் போல் முற்றிலும் தற்செயலானதன்று எனவும் கொண்டது. 2012இல் நியூ யோர்க்கில் நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன், போக்கரில் திறனே மேலோங்குகின்றது எனத் தீர்ப்பளித்தார். 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. வழக்கிற்குரிய சட்டத்தின்படி, திறன் மேலோங்குகின்றதா என்ற வினாவே எழாது என்பது அதன் முடிபு. ஓராட்டத்தை நோக்குவோர்க்கு அதிட்டமும், ஓராயிரம் நாட்களை நோக்குவோர்க்குத் திறனும் மேலோங்கித் தோன்றுவதால், அவ்வினாவுக்கு ஒரே விடை கூறல் எளிதன்று.

ஆடுவோர்க்கு இதிலுள்ள பாடம் தெளிவானது. ஒருவர் வெல்வது மற்றவர் இழப்பதே. விடுதி தன் பங்கை எடுப்பதால் எல்லோரும் சேர்ந்து இழப்பவரே ஆவர். இலாபம் காண்பதற்குச் சராசரியான திறன் போதாது. அப்பங்கையும் ஈடுசெய்யுமளவுக்கு மற்றவரை விஞ்சுதல் வேண்டும். அவ்வாறு விஞ்சாதவரும் சில மாதங்கள் வெல்லக்கூடும். அக்காலத்தில் அவர் அதிட்டத்தைத் திறனெனக் கொண்டு பணயத்தைப் பெருக்குவாராயின், பின்னர் அவர் இழப்பது அவ்வெற்றியினும் பெரிதாயிருக்கும். போக்கரில் திறன் உண்டு என்பது உண்மை. அத்திறன் தம்மிடம் உண்டு என்பது நெடுங்காலக் கணக்கினால் மட்டுமே நிறுவப்படத்தக்கது.