கண் மூடியிருந்தாலும் காது கேட்கும்



கட்டுவிரியன் கடித்துச் சேர்க்கப்பட்டவர்களின் கட்டிலருகே நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இமை தூக்கவில்லை, விரல் அசையவில்லை, மூச்சை வென்டிலேட்டர்தான் கொடுக்கிறது. "உயிர் போய்விட்டது, மிஷின்தானே ஓடுகிறது? வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்" என்பார்கள் உறவினர். அப்போது நாங்கள் சொல்லும் விளக்கத்தையே இங்கே எழுதுகிறோம்.

தசையை இயக்கும் நரம்பு அணுக்களின் தலைப்பகுதி முதுகுத் தண்டுக்குள்ளும் மூளையின் அடித்தண்டிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதைச் சுற்றியுள்ள சிறு கிளைகள் செய்தியை வாங்கும். ஒரே ஒரு நீண்ட இழை அதைத் தசைக்கு எடுத்துச் செல்லும். பாதத்துக்குப் போகும் இழை ஏறக்குறைய 1 மீட்டர் நீளம்! மின்கம்பிக்கு ரப்பர் உறைபோல இதற்குக் கொழுப்பு உறை உண்டு. உறையின் இடைவெளிகளில் தாவித் தாவி, மின்செய்தி வினாடிக்கு 50 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது.

ஆனால் இழையின் முனை தசையைத் தொடுவதில்லை. இடையிலே ஒரு மில்லிமீட்டரில் சுமார் 20,000-ல் ஒரு பங்கு இடைவெளி. மின்செய்தி அதைத் தாண்டாது. முனையிலுள்ள நுண்ணிய பைகள் திறந்து, அசெட்டைல்கோலின் என்ற இரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது தசையின்மேல் பட்டதும் தசை சுருங்குகிறது. உடனே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். இல்லாவிட்டால் தசை அடுத்த செய்தியை ஏற்க முடியாது. நரம்புகள் இரசாயனத்தின் மூலம் செய்தி கடத்துவதைக் காட்டிய ஹென்றி டேல், ஆட்டோ லோவி இருவரும் 1936-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கட்டுவிரியனின் விஷம் தாக்குவது இந்த முனையைத்தான். பைகள் காலியாகி முனையே சேதமடைகிறது. மூளை கட்டளையிடுகிறது, தசையும் நன்றாக இருக்கிறது, நடுவில் கொண்டு சேர்ப்பவர் இல்லை. கண்மணிகூட விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம். அதைப் பார்த்து மரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மூச்சு திணறி மூளை பாதிக்கப்படாதிருந்தால், அவருக்கு நினைவு இருக்கும், காதும் கேட்கும்.

விஷமுறிவு மருந்து இரத்தத்தில் திரியும் விஷத்தைத்தான் முறிக்கும். சேதமான முனையைச் சரிசெய்யாது. ஆகவேதான் மந்திரிப்பிலும் பச்சிலையிலும் கழியும் நேரம் எங்களுக்கு வேதனை தருகிறது. (நல்ல பாம்பின் நரம்பு விஷம் பெரும்பாலும் தசைப் பக்கத்தை அடைத்துக்கொள்வது. அதற்கு நியோஸ்டிக்மின் ஊசி பல நேரங்களில் உதவும். கட்டுவிரியனுக்கு அவ்வளவாக உதவாது.) முனைகள் தாமாகவே திரும்ப வளரும். அதற்குச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை மூச்சைக் கொடுப்பதுதான் அந்த மிஷினின் வேலை.

எனவே உறவினரிடம், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இன்று என்ன கிழமை, யார் வந்திருக்கிறார்கள் என்று காதருகே சொல்லுங்கள் என்கிறோம். செலவையும் அடக்கத்தையும் பற்றிப் பேச வேண்டுமானால் வராந்தாவில் பெஞ்சு போட்டிருக்கிறது.